இருக்கையில் வைத்த தேன்

கம்பியில் தொங்கியபடி வான்தொட்டில் மேடையில் வந்து நின்றது. கதவு திறந்துகொண்டு, "வருக, ஈட்டிப்பாறை மக்களே" என்றது. சடச்சிக்கு அந்தக் குழைவு பிடிக்காது. பல்லைக் காட்டிக்கொண்டு இலவசமாகக் கொடுப்பவன் கொல்லை வழியாக எதையோ கொண்டுபோகிறான் என்பது அவள் கட்சி.

சாலைகளைப் பெயர்த்துக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துப் பதினாறு வருடமாகிறது. மழைக்காட்டுக் குடிகளுக்கு இப்போது மரங்களுக்கு மேல் ஓடும் கம்பிதான் வழி. முதலில் தினமும் வந்த தொட்டில் வாரம் ஒருமுறை என்றாகிவிட்டது. காரணத்தை அதன் திரையே சொன்னது: 'மீதிக் குடிகள்: நான்கு.' குடிகள் தீர்ந்தால் கம்பியைச் சுருட்டிவிடுவார்கள்.

ஊரில் இருப்பதோ இருபத்து மூன்று பேர். தங்கை மாதிக்கு இது ஆறாம் மாதம். கம்பி போய்விட்டால் வலியெடுத்தவளை அட்டை நெளியும் சரிவில் கீழே ஆஸ்பத்திரிவரை இரண்டு நாள் தூக்கிச் சுமக்க வேண்டும்.

"மத்த பத்தொம்பது பேரை எங்கய்யா முழுங்குச்சு இது?" என்று கணவனிடம் கேட்டாள்.

"மிஷின் சொல்றது. நமக்கென்ன புரியும்?" காணியன் தேன் டின்னை மூன்றாவது இருக்கையில் வைத்து வாரை மாட்டினான். தேனைக் காலடியில் வைப்பது அந்த ஊரில் வழக்கமில்லை.

"இறங்குவோர் மூவர்" என்றது தொட்டில்.

டின்னை விற்றுவிட்டு இருவரும் திரும்பி ஏறியபோது திரை 'மூன்று' என்றது. சடச்சி காலி இருக்கையையே பார்த்தாள். இந்தத் தேன்காலத்தில் ஊர் இறக்கியது இதோடு இருபது டின். பாரமும் வாரும் இருந்தால் இதற்கு ஆள். அதன் கணக்கில் அந்த இருபது பேரும் திரும்பவே இல்லை.

உதவிப் பொத்தானை அழுத்தி, "அது தேனு. நாங்க எல்லாரும் மேலதான் இருக்கோம்" என்றாள்.

"இறங்கியவர்கள் ஏறினால் பதிவு திருந்தும்."

"அப்படியா சேதி" என்று இறங்கிப்போய், ஆற்றோரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிவந்து இருக்கையில் வைத்து வாரை மாட்டினாள். கல்லையும் அதே குழைவோடு வரவேற்றது தொட்டில். பிறகு கீழே போன ஒவ்வொருவரும் கல்லோடு திரும்பினார்கள். திரையில் எண் ஏற ஏற, தொட்டிலும் பழையபடி அடிக்கடி வரத் தொடங்கியது. மாதிக்கு வலியெடுத்தபோது, கூப்பிட்ட ஐந்தாவது நிமிடம் தொட்டில் வந்து நின்றது.

பத்தாம் நாள் அக்காளும் தங்கையும் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு திரும்பினார்கள். ஏறி உட்கார்ந்ததும் திரையில் இருபத்து மூன்று சரியாக இருந்தது.

"ஏறுவோர் இருவர்."

"மடியில புள்ள இருக்கே?" என்றாள் சடச்சி.

"எடை போதாது."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இறங்கிப்போய் இன்னொரு கல்லைக் கொண்டுவந்து வைத்தாள். திரை சற்றுத் தயங்கியது.

"புதிய குடி. பெயர்?"

சடச்சி தங்கையைப் பார்த்தாள். பிள்ளைக்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை.

"நீலன்னு சொல்லுக்கா" என்றாள் மாதி மெதுவாக. "இவனுக்குன்னு நெனச்சிருந்தது."

"நல்வரவு, நீலன்" என்றது தொட்டில், கல்லைப் பார்த்து. மாதி பிள்ளையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.