தள்ளிப் படு

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

தீனா கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். வெளியே ஆகஸ்டு வெயில் கல்படிகளைத் தோசைக்கல் மாதிரி காய்ச்சிக்கொண்டிருந்தாலும் குகைக்குள் பாறை சில்லென்றுதான் இருக்கும். அறையில் மற்ற இடமெல்லாம் அப்படித்தான் இருந்தது. கட்டிலுக்குப் பின்னால், பாறை உள்வாங்கி இருட்டாகிற மூலையில், நெஞ்சு உயரத்தில் மட்டும் அந்த வெதுவெதுப்பு. மேலே இல்லை. கீழே இல்லை. பெரிய பிராணி ஒன்றின் விலாவில் கை வைத்தது போல.

அந்த மூலையில் என்ன நின்றிருந்தது என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்ததை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க மேடம்," என்றான் பின்னால் நின்ற நூன்ஸியோ. குகைகளைச் சுத்தம் செய்து வெள்ளையடித்துப் பயணிகளுக்கு விடுகிற இளைஞன். "கோவேறு கழுதையக் காலி பண்ணச் சொல்லிட்டுத்தான் உங்களுக்கு ரூம் குடுத்திருக்கேன்."

ஜிசெல்லா வாய்விட்டுச் சிரித்தாள். தீனாவின் கணவர் ஒத்தாவியோவுக்குத் தங்கை. இந்தப் பயணமே அவள் ஏற்பாடு. தெற்கு இத்தாலியில் மத்தேராவுக்குப் போகிறோம், குகையில் தங்குகிறோம், அதுதான் இப்போது எல்லோரும் செய்கிறார்கள் என்று வடக்கே நொவாராவில் இருந்தபடியே எல்லா அறைகளையும் போனிலேயே பேசி முடித்திருந்தாள். அவளுக்குப் பக்கத்துக் குகை. அண்ணனுக்கும் அண்ணிக்கும் இது.

"எத்தனை பேரு இருந்திருப்பாங்க இதுக்குள்ள?"

"பத்து பேருக்குக் குறையாது. சின்னதுங்க எல்லாம் ஒரே கட்டில்ல, தலைமாடு கால்மாடா."

"ச்சீ! கழுதையும் பன்னியும் பக்கத்துல நிக்க! கூச்சமே இருந்திருக்காதா அதுங்களுக்கு?"

"வேற எங்க போவாங்க ஜிசெல்லா?" என்றார் ஒத்தாவியோ, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தபடி. "நாம இங்க பொறந்திருந்தா நாமளும் இங்கதான் படுத்திருப்போம். இல்லையா தீனா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் தீனா.

அவள் பிறந்தது இதே குகையில். படிகளில் இறங்கும்போதே இதுதானோ என்று சந்தேகம் வந்திருந்தது. வாசல் வளைவையும், அதன் இடப்பக்கம் உடைந்த கல்லையும் பார்த்தபோது சந்தேகம் போய்விட்டது. எவுஸ்தாக்கியா என்று அப்பா வைத்த பெயர் ஊர்ப் புனிதருடையது. சொன்ன மாத்திரத்தில் ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். அரசாங்கம் லாரி அனுப்பி, இந்தக் குகைகள் தேசத்துக்கே அவமானம் என்று எல்லோரையும் மேட்டில் கட்டிய புதுக் குடியிருப்புக்கு மாற்றியபோது அவளுக்கு எட்டு வயது. வளர்ந்து வடக்கே வேலைக்குப் போன இடத்தில், தெற்கத்தி ஆட்களுக்கு வீடு இல்லை என்று அட்டை தொங்கிய வாசல்களைப் பார்த்த முதல் வாரமே தீனா ஆனாள். தெற்கேதான் என்றாலும் பெரிய நகரமான பாரிக்காரி, அப்பா தபால் ஆபீஸ், ஒரே பெண் என்று அவள் சொன்னதை ஒத்தாவியோ நம்பினார். நல்ல மனுஷன். நல்ல மனுஷனிடம் சொன்ன பொய்யைத் திருத்த நல்ல நேரம் வரவே இல்லை.

ஒரே பெண். அதைச் சொல்லிச் சொல்லி அவளே கிட்டத்தட்ட நம்பத் தொடங்கியிருந்தாள். இந்தக் குகையில் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்துப்போன தம்பி தங்கைகள் ஐந்து பேரின் பெயர்களை அவள் கடைசியாக எப்போது உச்சரித்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

மற்ற மூவரும் வெளியே போனதும் அந்த வாடை வந்தது. முதலில் ஈரக் கம்பளி. பிறகு புகை. அதற்கு அடியில், மெல்ல மெல்ல, நாள்பட்ட சாணமும் வைக்கோலும் வியர்வையும் சேர்ந்து புளித்த, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற வாடை. அறையில் சோப்பும் புதுச் சுண்ணாம்பும்தான் மணக்க வேண்டும். தீனா தன் முழங்கையை முகர்ந்து பார்த்தாள். ரவிக்கையை மாற்றினாள். கழுத்தில் வாசனைத் தண்ணீரைக் கொட்டாத குறையாகத் தெளித்துக்கொண்டாள். வாடை போகவில்லை.

சாப்பிடப் போகும் வழியில் ஒத்தாவியோவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்மேல ஏதாவது வாடை வருதா?"

"செண்ட் வாடைதான். மூக்கு அடைக்குது," என்று சிரித்தார் அவர்.

சாப்பாட்டுக் கடைக்கு இரண்டு திருப்பம் முன்னால், ஒரு வாசல் நிழலில், கருப்பு உடை போட்ட கிழவி ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மூவரும் கடந்துபோன பிறகு உரிக்கும் சத்தம் நின்றது.

"ஏய், எவுஸ்தாக்கியா!"

தீனாவின் கால் நின்றுவிட்டது. அதுதான் தப்பு. நடந்துகொண்டே போயிருக்க வேண்டும்.

"நீதானே? கோசிமோ மக தாக்கியா? அந்த நடையப் பாத்தாலே தெரியுதே! தம்பி பியாஜோவ இடுப்புல வச்சுக்கிட்டு இந்தப் படியெல்லாம் ஏறி எறங்குவியே, உன்னவிடக் கனமா இருப்பானே அந்தப் பய! அம்மாடி, வந்துட்டியா! வா, வந்து உக்காரு!"

ஜிசெல்லாவின் புருவம் உயர்ந்தது. ஒத்தாவியோ ஆவலோடு மனைவியைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். ஆமாம் என்று ஒரே ஒரு சொல் போதும். காது மடல் தீயாய் எரிந்தது தீனாவுக்கு.

"ஆள் மாறிப்போச்சும்மா," என்றாள், சுத்தமான வடக்கத்திப் பேச்சில். "நான் இந்த ஊருக்கு வந்ததே இல்ல."

கிழவி அவளையே பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் வந்திருந்தால் தாங்கியிருக்கலாம். வந்தது கூச்சம். "மன்னிச்சுக்கோங்க மேடம். கண்ணு கெட்டுப்போச்சு எனக்கு," என்றாள். 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது. பிறகு, யாருமே இல்லாத பக்கத்துப் படிகளின் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில், குழந்தைகளிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"இது அவ இல்லையாம்."

"பாவம், மூளை கொழம்பிப்போச்சு," என்றாள் ஜிசெல்லா, நடந்தபடி. "ஆனா தீனா, உன்னப் போயி குகைக்காரின்னு! உனக்குக் கோவமே வரல பாரு!"

தீனா சிரித்தாள். சாப்பாட்டில் ரொட்டியின் மணம் வந்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மிளகாய் காரம் என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய அந்த நேரத்துக்கு அங்கே ஒரு தனிப் பெயர் உண்டு. நேரத்துக்கு எதிரான நேரம் என்று பொருள் வரும். கடை அடைத்து, பலகணி சாத்தி, ஊரே படுத்துவிடும். தெருவில் நாய்கூட இருக்காது. அந்த நேரத்தில் கதவைத் திறக்காதே, கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்காதே என்று அம்மா சொல்வாள். ராத்திரியில் வருபவை பயந்து பயந்து வரும், வெயிலில் வருபவற்றுக்கு எந்தப் பயமும் இல்லை என்பாள்.

பாறைச் சுவரின் குடைவு ஒன்றில் கட்டில் போட்டிருந்தது. ஒத்தாவியோ சுவரோரம் படுத்த உடனே தூங்கிவிட்டார். தீனா வெளிப்பக்கம் மல்லாந்து படுத்திருந்தாள். கதவிடுக்கில் வெயில் வெள்ளைக் கம்பியாய் நின்றது. அது தரையில் நாலு சாண் தூரம் வந்து அங்கேயே தீர்ந்துபோக, அதற்கு உள்ளே குகை அதன் பழைய இருட்டில் இருந்தது. வெளியே சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. ஒத்தாவியோவின் மூச்சு இழுத்து, நின்று, விட்டது. அதோடு இன்னொரு மூச்சும் கேட்டது. ஆழமான, ஈரமான, மூக்கு விடைத்து விடுகிற மூச்சு. பின் மூலையிலிருந்து. பிறகு குளம்பு ஒன்று எடைமாற்றி வைக்கப்படுகிற மந்தமான சத்தம்.

சில்வண்டுகள் நின்றன.

கால்மாட்டில் மெத்தை அமுங்கியது.

பூனை ஏறினால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவுதான். அது விரிப்புக்கு அடியில் நுழைந்து மெல்ல மேலே நகர்ந்து, அவளுக்கும் ஒத்தாவியோவுக்கும் நடுவில் வந்து படுத்தது. அவள் கன்னத்தருகே இரண்டு உள்ளங்கால்கள். சின்னவை. சில்லென்று இருந்தன. காய்ந்த சேறு கன்னத்தில் உரசி உதிர்ந்தது.

தலைமாடு கால்மாடு.

மறுபடியும் மெத்தை அமுங்கியது. இன்னொன்று. இதற்குத் தலை இந்தப் பக்கம். மொட்டையடித்த தலையில் முளைவிட்ட முடி அவள் தோளில் குத்தியது. பேன் மருந்தாக மண்ணெண்ணெய் தடவிய வாடை. வாய் அவள் காதுக்கு நேரே வந்தது. நாற்பது வருஷமாக அவள் காதில் விழாத, அவள் வாயிலும் வராத பேச்சில் அது சொன்னது.

"தாக்கியா. தள்ளிப் படு."

அவள் தள்ளிப் படுத்தாள். யோசிக்கவில்லை. உடம்பு தானாகச் செய்தது, அந்த வயதில் ராத்திரிக்கு ராத்திரி செய்த மாதிரி. பாதி முதுகு கட்டிலுக்கு வெளியே வந்துவிட்டது. மறுபக்கம் ஒத்தாவியோ சுவரோடு நகர்ந்து முனகினார்.

மூன்றாவது ஏறியது. நான்காவது. யாரும் அவளை அடிக்கவில்லை, கிள்ளவில்லை. குளிரில் வந்தவர்கள் போல ஒடுங்கி ஒடுங்கி இடம் தேடினார்கள். அவள் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, கடைசியில் சத்தமில்லாமல் தரையில் இறங்கினாள். கட்டில் கிறீச்சிட்டது. விரிப்பு மேடு மேடாக உயர்ந்தது.

இருட்டுக்குள்ளிருந்து ஒத்தாவியோவின் குரல் வந்தது. நெஞ்சு அமுங்கிய குரல்.

"தீனா... நெருக்குது... யாரு அது?"

எழுந்துவிடு என்று கத்தியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுத்தால் விரிப்பு விலகும். விலகினால் அவர் பார்ப்பார். பார்த்தால் கேட்பார். யாரு இவங்க என்று, அந்த நல்ல முகத்தோடு கேட்பார். அந்த ஒரு கேள்வியை நினைத்ததும் அவள் காது மடல் மறுபடியும் எரிந்தது. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. அத்தனை பயத்துக்கு நடுவிலும்.

"யாருமில்ல," என்றாள். "தூங்கு."

ஐந்தாவது ஏறியது. அதுதான் கனம்.

அவள் பின்வாங்கிக் கதவில் சாய்ந்துகொண்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒத்தாவியோவின் மூச்சு இழுத்தது. நின்றது. விட்டது. இழுத்தது. நின்றது.

அவள் காத்திருந்தாள்.

மூலையில் கழுதை மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரமோ. வெளியே செருப்புச் சத்தம். கதவைத் தட்டும் சத்தம். "என்ன இன்னும் தூக்கம்? கோயில் சாத்திடுவாங்க, எழுந்திரிங்க!" பதிலுக்குக் காத்திருக்கிற வழக்கம் ஜிசெல்லாவுக்கு இல்லை. கதவைத் தள்ளினாள். தீனா விலகி நிற்க வேண்டியதாயிற்று. வெயில் முழுதாக உள்ளே விழுந்து, தரையைக் கடந்து, கட்டில் மேல் ஏறியது.

அவர்கள் ஜிசெல்லாவின் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள் என்று தீனா நினைத்திருந்தாள். அந்த ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது.

ஜிசெல்லாவின் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது.

"தீனா," என்றாள். குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. "யாரு... இவங்கல்லாம் யாரு?"

விரிப்புக்கு வெளியே தலைகள் எழுந்தன. மொட்டைத் தலைகள். மஞ்சள் படர்ந்த முகங்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கவில்லை. ஒன்றும் ஜிசெல்லாவைப் பார்க்கவில்லை. ஐந்தும் தீனாவைத்தான் பார்த்தன. பதிலுக்காக. பியாஜோவின் வாய் லேசாகத் திறந்திருந்தது, சிரிக்கப் போகிறவன் மாதிரி.

அவள் வாயில் பெயர்கள் வந்துவிட்டன. பியாஜோ. பஸ்குவா. நாக்கின் நுனிவரை வந்துவிட்டன. ஆனால் நாக்குக்கு வேறு பழக்கம் இருந்தது.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

அந்த முகங்களில் கோபம் வரவில்லை. தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட பிள்ளைகளைப் போல அவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஒத்தாவியோ பாறையில் கன்னம் அழுந்த, உதடு நீலம் பாரித்து, கண் திறந்து கிடந்தார். அவர் நெஞ்சு அசையவில்லை.

அவர் கை அசைந்தது.

மெல்ல உயர்ந்து, பியாஜோவின் மொட்டைத் தலையைத் தடவி, அவனைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டது. மற்றவர்களும் ஒண்டிக்கொண்டார்கள். விரிப்பை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டார்கள்.

தீனா படுத்திருந்த இடம் மூடிக்கொண்டது.