நார்ச்சுவர்

"இந்தச் சுவர் ஏன்டி சுடுது?" என்று அம்மா கேட்டபோது அவள் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. தரை, கட்டில் சட்டம், மடித்து வைத்த போர்வை எல்லாம் சில்லிட்டுக் கிடந்தன. தங்கை சின்னு இறந்த பிறகு அம்மா தனியாக இருக்க வேண்டாமென்று அன்று காலையில்தான் போய் அழைத்து வந்திருந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்திருந்தாள்.

அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது என்று சொல்ல முடியாது. வெதுவெதுப்பு. இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலியில் இருக்குமே, அதுபோல.

சுவரை மறைத்திருந்த கறுப்புப் பலகைகள் அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் கழித்துப் போட்டவை. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்க்குள் இருக்கும் நார்க்கூட்டைப் பார்த்து, அதே பின்னலில் வார்த்து, காற்றுப் புகாத உலையில் கரியாக்கியவை. செல்போன் அலை ஒரு துளைக்குள் நுழைந்தால் நாரில் முட்டி மோதி, அடுத்த துளையில் விழுந்து, வழி தெரியாமல் அலைந்து, கடைசியில் துளி சூடாகி அடங்கிவிடும். "இரவல் கொடுத்த புத்தகம் மாதிரிம்மா. போனா போனதுதான்" என்று அவளுடைய மேலதிகாரி சிரிப்பார். படுக்கையறையின் நாலு சுவரிலும், கூரையிலும், ஜன்னலிலும், கதவின் உட்புறத்திலும் அவற்றை ஒட்டியிருந்தாள். கதவைச் சாத்தினால் செல்போன் செத்துவிடும். ஆபீஸ் தொல்லை இல்லாமல் தூங்கலாம்.

ஆனால் ஒரு வீட்டுக்குள் திரியும் அலைகளை எல்லாம் சேர்த்தாலும் அந்தச் சூடு ஓர் எறும்பின் காலுக்குக்கூட உறைக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பக்கத்து வீட்டுல வெந்நீர்க் குழாய் போகுதோ என்னவோம்மா."

"இருந்துட்டுப் போகட்டும். இதமா இருக்கு. சின்னு மேல சாஞ்சுக்கிட்ட மாதிரி."

அந்த அறையில் மழைச் சத்தம்கூடப் பஞ்சுக்குள் அமுங்கியதுபோல் எங்கோ தூரத்தில் கேட்டது. அம்மா சொன்னாள்.

"உன் மேல என்னடி தப்பு? டவர் கிடைக்கலன்னா நீ என்ன பண்ணுவ?"

அவள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். எல்லோரும் நம்பினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவள் கூடத்தில் நின்றபோது செல்போன் அடித்தது. சின்னு. 'ஆரம்பிச்சுட்டா. இனி ஒரு மணி நேரம் புருஷன் புராணம்' என்று நினைத்தாள். அடித்துக்கொண்டிருந்த போனோடு இந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மணி பாதியில் அறுந்தது. படுத்தாள். நிம்மதியாகத் தூங்கினாள். அடுத்த தெருவில், சின்னுவுக்கு இரைப்பு கண்டிருந்தது. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து தீர்ந்திருந்தது. புருஷன் ஊரில் இல்லை. கூப்பிட்டால் ஓடிவருகிற தூரத்தில் இருந்த அக்காவையே கடைசிவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே.

"அம்மா..."

"என்னடி?"

"காப்பி போடட்டுமா?"

"இப்பத்தானே குடிச்சேன்? உனக்கு என்ன ஆச்சு?"

அப்போதுதான் உணர்ந்தாள். சுவரில் வைத்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே ஏதோ மெல்ல இழுபட்டது. காதைக் கிட்டே கொண்டுபோனாள். ஆயிரம் துளைகள் வழியாக வருவதுபோல் பொடிப்பொடியான ஒலி. உள்ளே இழுக்கும் மூச்சு. சன்னமான விசில். பிறகு, எங்கோ நாருக்கு நார் தட்டித் தடுமாறி வந்த ஒரு சொல்.

எடு.

கையைப் பிடுங்கிக்கொண்டாள். எதை எடுக்க? பலகையையா? பலகையைத்தான். வேறு எதை? சமையலறைக் கத்தியைக் கொண்டுவந்து விளிம்பில் செருகி நெம்பினாள்.

"வேணாம்டி, நல்லாத்தானே இருக்கு!"

"பூச்சி அரிச்சிருக்கும்மா."

ஒரு பலகை பெயர்ந்து வந்தது. பின்னால் வெறும் சுவர், ஐஸாக. பலகை மட்டும் அவள் கையில் காய்ச்சல்காரியின் நெற்றியாகக் கொதித்தது. தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, மழையில் எறிந்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை.

போனாள்.

அம்மா கட்டிலில் மண்டியிட்டிருந்தாள். ஒரு பக்கக் கன்னம் முழுவதும் அடுத்த பலகையில் அழுந்தியிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"ம்..." என்றாள் அம்மா. "ம்... அப்புறம்?"

"யார்கிட்டம்மா பேசற?"

அம்மா ஒரு கையை உயர்த்தினாள். பொறு.

"மெதுவா சொல்லு தங்கம். மூச்சு வாங்கிக்கோ."

விசில் ஒலி. நின்றது. மறுபடி.

"அம்மா, இங்க வா. எழுந்து வா."

அம்மா அசையவில்லை. பிறகு கேட்டாள். கோபம் இல்லை. அழுகை இல்லை. உப்புப் போட்டாயா என்று கேட்கிற குரல்.

"பாத்துட்டுத்தான் உள்ள வந்து கதவைச் சாத்தினியாமே?"



அம்மா கன்னத்தைச் சுவரிலிருந்து பிரித்தாள். ஈரத் துணி கிழிகிற சத்தம். மெல்லத் திரும்பினாள். காது இருந்த இடத்திலிருந்து தாடைவரை கறுப்பு. துளைகள். நாருக்கு நார் பின்னிய சின்னச் சின்னத் துளைகள்.

அம்மாவின் வாய் மூடியிருந்தது. துளைகள் எல்லாம் ஒன்றாகச் சுருங்கின. ஒன்றாக விரிந்தன. மூச்சுக்குத் திணறின.