ரெமிஜியஸ் போட்ட திருத்தம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாரணி கணினியைத் திறந்தபோது, மூன்று வாரமாக அவள் முட்டிக்கொண்டிருந்த பிழை திருத்தப்பட்டிருந்தது. திருத்தியவர் பெயர் ரெமிஜியஸ். அவரை அடக்கம் செய்து பதினான்கு மாதம் ஆகிறது.

பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்றும் இலவச நிரல் நூலகம் அது. ரெமிஜியஸ் தனியாளாக வளர்த்தது, அவரோடு நின்றும் போனது. சம்பளமில்லாத வேலைக்கு யார் வருவார்கள்? வேலூரிலிருந்து வந்து மர்பி டவுனில் மாடி அறை எடுத்திருந்த தாரணிதான் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அதைப் பயன்படுத்துவோரின் மடற்குழுவில் எழுதித் தலையைக் கொடுத்தாள். இந்த மாதம் புதிய பதிப்பு வராவிட்டால் நூலகத்தையே எடுத்துவிடுவதாக, அதை வைத்திருந்த இணையதளக்காரர்கள் எழுதிவிட்டார்கள். "தனியாக முடியவில்லை, யாராவது கைகொடுங்கள்" என்று கெஞ்சிப் பார்த்தாள். பதில் இல்லை.

நூலகத்தில் திருத்தம் போட ரெமிஜியஸுக்கு இருந்த அனுமதியை அவள் முதல் நாளே நீக்கியிருக்க வேண்டும். இறந்தவர் பெயரை அழிக்க மனம் வரவில்லை. அவர் மனைவி டோரீன் கொடுத்தனுப்பிய அவருடைய கணினியும், ஒயர் எதிலும் செருகாமல், மூலையில் போர்வை போர்த்திக் கிடந்தது.

பயப்பட வேண்டும் என்று தோன்றியது, பயம்தான் வரவில்லை. பொறுப்பேற்றதிலிருந்து விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன, காபி டம்ளரின் சூடுகூட இப்போது உறைப்பதில்லை. மனசும் அப்படித்தான் கிடந்தது. டோரீனுக்குப் போன் போட்டாள்.

"ஆன்ட்டி, அங்கிளோட பாஸ்வேர்டு வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"எங்கிட்டயே சொன்னதில்லம்மா." டோரீன் கொஞ்சம் தயங்கினாள். "கடைசில அவருக்கு வெரலெல்லாம் மரத்துப்போச்சு. 'நான் அடிக்கல டோரீன், தானா அடிக்குது'ம்பாரு. ஒனக்கு ஒண்ணுமில்லதானே?"

"நல்லாருக்கேன் ஆன்ட்டி."

போனை வைத்ததும் அவர் அனுமதியை நீக்கினாள். திருத்தப் பட்டியலில் அடுத்த நிமிடமே இன்னொன்று ஏறியது. அதே பெயர்.

அப்போது கரண்ட் போனது. திரை அணைந்து, மின்விசிறி முனகி முனகி நின்று, கீழ்வீட்டு மிக்ஸியும் டிவியும் ஒன்றாக அடங்கி, தெருவில் எங்கோ கருகிய எண்ணெய் வாசம் மட்டும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்த அந்த அமைதியில், மூலையிலிருந்து டக் டக்கென்று விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

எழுந்து போனதாக அவளுக்கு நினைவில்லை. ஆனால் அவருடைய கணினியின்முன் உட்கார்ந்திருந்தாள்.

போர்வை ஏறி இறங்கியது.

விலக்கக் கையைத் தூக்கப் பார்த்தாள். கை வரவில்லை.

குனிந்து பார்த்தாள்.

மணிக்கட்டுவரை இரண்டு கைகளும் போர்வைக்குள். வேகமாக அடித்துக்கொண்டிருந்தன.

இழுத்தாள். அசையவில்லை. அப்போதுதான், எத்தனையோ நாளுக்குப் பிறகு, விரல்களில் உணர்வு வந்தது. அவற்றின்மேல், ஒவ்வொன்றின்மேலும் ஒன்றாக, சில்லென்ற விரல்கள் அழுத்திக்கொண்டிருந்தன.