மிலிட்டரிக்காரர் வீட்டுக் கார்

பாண்டிச்செல்வி குடத்தைக் குழாயடியில் வைத்தாளா எறிந்தாளா என்று கேட்டால், எறிந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்திலேயே சின்னத்தாய்க்கு அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று தெரிந்துவிட்டது. ஒரே வளவு, ஒரே குழாய், எதிரெதிரே இரண்டு வீடு. ஒன்றில் அண்ணன் இருளாண்டி, மற்றதில் தம்பி பாண்டிராஜ். தம்பி பெண்டாட்டி பாண்டிச்செல்விக்குக் கோபம் வந்தால் அண்ணன் பெண்டாட்டி சின்னத்தாய் போய் ஒளிய இடமில்லை.

"பத்து மணிக்கு மாப்பிள்ளையும் அவுக அம்மாவும் வாறாக. அதுக்குள்ள அந்த மிலிட்டரி கேண்டீன் கார்டை எடுத்து வெளிய வைங்கக்கா! ஒரு மாசமா தொண்டை கிழியக் கேக்குறேன்... உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

"இரு செல்வி... அவுக உடம்புக்கு முடியாம படுத்திருக்காக. எந்திரிக்கட்டும்..."

"உடம்புக்கு முடியலையா, குடுக்க மனசு வரலையா? எனக்கு எல்லாந் தெரியும்!"

சின்னத்தாய் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். இருளாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. தூங்குகிறவருக்கு முதுகு அப்படி விறைத்து இருக்காது.

விஷயம் இதுதான். பாண்டிராஜின் மகள் இசைவாணிக்கு மல்லாங்கிணற்றில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பையன் செல்வக்குமார் பட்டாளத்தில் இருக்கிறான். பூ வைத்த அன்று பாண்டிராஜுக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. "எங்க அண்ணனும் மிலிட்டரிதான். கேண்டீன் விலையில காரே எடுத்து வாசல்ல நிறுத்துறேன்" என்று சபையில் சொல்லிவிட்டான். யாரும் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். பட்டாளத்துக்காரர்களுக்குக் காரில் வரி குறையும், லட்சத்துக்கு மேல் மிச்சம் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தான். மாப்பிள்ளைக்கு இன்னும் சர்வீஸ் பத்தாது, அவன் பேரில் இப்போது எடுக்க முடியாது. ஓய்வு பெற்ற பெரியப்பா பேரில் எடுத்தால் போயிற்று. வெளிக்கடை விலை பாண்டிராஜுக்கு எட்டவே எட்டாது. வாய் விட்டது அவன், மாட்டிக்கொண்டது சின்னத்தாய்.

ஏனென்றால், கொடுப்பதற்குக் கார்டே இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஆனால் தாயில்பட்டியில் மிலிட்டரிக்காரர் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். மாதம் பிறந்தால் இருளாண்டி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பச்சைப் பையோடு விருதுநகர் பஸ் ஏறுவார். திரும்பும்போது சோப்பு, பற்பசை, தேங்காயெண்ணெய், டீத்தூள் எல்லாம் வரும். தம்பி வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் அதைக் 'கேண்டீன் விலை'க்குக் கொடுப்பார். விருதுநகர் பஜாரில் முழு விலைக்கு வாங்கிய சாமான் அது! குறைத்துக் கொடுத்த காசை ஈடுகட்டியது சின்னத்தாயின் கூலி. "மிலிட்டரி ரம் மட்டும் ஏண்ணே வாங்குறதில்ல?" என்று பாண்டிராஜ் கேட்டதற்கு, "வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்லே" என்று ஒரு பொய். அதற்காக ஊரில் ஒழுக்கசீலர் என்ற பெயர் வேறு.

பென்சன் வாங்குகிறவர் கூலி வேலைக்குப் போவாரா? போனால் குட்டு உடைந்துவிடும். அதனால் அவர் வீட்டில் இருந்தார். சின்னத்தாய் பயராபீசு என்கிற பட்டாசு ஆலைக்குப் போய் வெடிக்குத் திரி செருகினாள். வீட்டுச் செலவு, மகள் பாண்டிமீனாவின் நர்சிங் படிப்பு எல்லாம் அவள் விரலிலிருந்து வந்தன. "பென்சன் காசைப் பூட்டி வச்சுக்கிட்டு இன்னும் வேலைக்கு ஓடுறா பாரு, பணப்பேய்!" என்று பாண்டிச்செல்வி தெரு முழுக்கச் சொன்னாள். ஊரும் ஆமாம் போட்டது.

இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் இருளாண்டி ஒரு மாத லீவில் வந்திருந்தார். திரும்பிப் போக மூன்று நாள் இருக்கும்போது பாண்டிராஜ் வேலை பார்த்த பட்டாசு ஆலையின் மருந்து ரூமில் தீப்பிடித்தது. மார்பும் இரண்டு கையும் வெந்த தம்பியை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார் அண்ணன். அப்பா அம்மா இல்லாத வீடு. பாண்டிச்செல்வியோ இசைவாணியைப் பெற்றுப் பத்து நாள்கூட ஆகாதவள். "அண்ணே, போயிறாதண்ணே" என்று மயக்கத்திலும் தம்பி முனகிக்கொண்டே கிடந்தான். லீவு முடிந்தது. பட்டாளத்திலிருந்து கடுதாசி வந்தது, தந்தி வந்தது. சின்னத்தாய் அவற்றை மடியில் கட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் அழுதாள். "நான் பாத்துக்கிடுறேங்க, நீங்க கிளம்புங்க..." அவர் அசையவில்லை. லீவை நீட்டிக் கேட்டு ஒரு வரி எழுதிப் போடலாம் என்றுகூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. ஐந்து மாதம் கழித்து, தம்பி எழுந்து உட்கார்ந்த பிறகுதான் போனார். லீவை நீட்டி வாங்கியிருப்பார் என்றே தம்பி நம்பியிருந்தான். அங்கே காவலில் வைத்தார்கள், விசாரித்தார்கள், கடைசியில் பென்சன் கிடையாது என்று நீக்கி அனுப்பிவிட்டார்கள்.

வந்தவர் ஊரில் சொன்னது, "வாலண்டரி ரிட்டயர்மெண்ட் வாங்கிட்டேன், பென்சன் உண்டு." மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். "தம்பிக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அவன் குறுகிச் செத்துப்போவான். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு." அவளும் பண்ணிவிட்டாள். ஏன் வேலையை விட்டார் என்று ஊர் கேட்டது. யாரும் சொல்லாமலே ஊர் ஒரு பதிலையும் கண்டுபிடித்தது. பெண்டாட்டி அழுது இழுத்து வந்துவிட்டாள்! அதையும் சின்னத்தாய் வாங்கிக்கொண்டாள்.

பத்தரைக்கு மாப்பிள்ளை பாண்டிராஜ் வீட்டுக்கு வந்தான். கூட அவன் அம்மா வெள்ளைத்தாய். இசைவாணி காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, பெரியம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். இருளாண்டி எதிர்வீட்டு அறையை விட்டு வரவில்லை.

செல்வக்குமார் நல்ல பிள்ளை. அன்று அந்த நல்ல குணமே வினையாகிவிட்டது. செல்போனை எடுத்துக்கொண்டு, "பெரிய மாமா எங்கன இருக்காக? கார்டு நம்பரும் பென்சன் ஆர்டர் நம்பரும் சொன்னா நானே இப்பவே ஆன்லைன்ல போட்டுருவேன். மாமா பேர்லதான் வண்டி வரும், கொஞ்ச வருசத்துக்குப் பேர் மாத்த முடியாது. அது ஒண்ணுதான்" என்றான்.

எல்லாருடைய கண்ணும் சின்னத்தாய் மேல் வந்து நின்றது. நம்பர் கேட்டால் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? இல்லை என்றால், ஏன் இல்லை என்பார்கள். மிலிட்டரி வீடு என்று நம்பித்தானே இவர்கள் பெண் எடுக்க வந்தார்கள்! அவமானமும் வரும், கல்யாணமும் நின்றுபோகும். அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

"கார்டு... தர முடியாது தம்பி" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "ஒரு தடவை கார் எடுத்துட்டா அப்புறம் பல வருசம் எடுக்க முடியாதாமில்ல. நாளைக்கு என் மக பாண்டிமீனாவுக்கு வேணும். நான்தான் அவுகளைக் குடுக்க விடல."

செல்வக்குமார் செல்போனைக் கீழே வைத்தான்.

"பாத்தீகளா! பாத்தீகளா!" பாண்டிச்செல்வி மாரில் அடித்துக்கொண்டாள். "நான் சொன்னப்ப யாரு நம்புனீக? அவ வாயாலயே வந்துருச்சு! எம்மவளைத் தூக்கி வளத்த கை இதுதானா... பெரியம்மாவாம் பெரியம்மா!"

"பெரியம்மா..." என்று இசைவாணி கையைப் பிடித்தாள். சின்னத்தாய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பாண்டிராஜ் எழுந்தான். தீயில் சுருங்கிப்போன விரலை நீட்டினான். "மதினி, இதுவரைக்கும் உங்களை ஒரு வார்த்தை சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்றேன். எல்லையில நின்ன மனுசன் எங்க அண்ணன்! அவரை அளுது அளுது வீட்டுக்கு இழுத்துட்டு வந்தீக. அவரு காசைத் தின்னீக. இப்ப அவரு பேரையும் பூட்டி வச்சிருக்கீக. எங்க அண்ணனைக் கெடுத்ததே நீங்கதான்! எம்மவ கல்யாணத்துல உங்க கை படக் கூடாது. வாசப்படி மிதிக்கக் கூடாது!"

சின்னத்தாய் தலையைக் குனிந்தபடியே நின்றாள். திட்டு அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைக்குச் சம்பந்தி வீட்டார் முன்னால், தான் வளர்த்த பெண்ணின் முன்னால், கூசிப்போய் உடம்பு சுருங்கியது. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது.

"ஏலே பாண்டி!"

எதிர்வீட்டு வாசலில் இருளாண்டி நின்றார். சட்டை போடவில்லை. சட்டை இல்லாமல் அவரை வாசலில் யாரும் பார்த்ததே கிடையாது. கையில் பழுப்பேறிய ஒரு காகிதம். வளவைக் கடந்து வந்து, "மதினியை இன்னொரு வார்த்தை சொல்லாதலே" என்றார்.

"என்னங்க, நீங்க உள்ள போங்க!" சின்னத்தாய் ஓடி வந்து குறுக்கே நின்றாள். "உங்களுக்கு உடம்பு சரியில்ல... போங்கன்னா!"

"தள்ளு தாயி. போதும்." காகிதத்தை மாப்பிள்ளையிடம் நீட்டினார். "உங்களுக்குத்தான் தம்பி இது வாசிக்கத் தெரியும். வாசிங்க."

செல்வக்குமார் வாசித்தான். முகம் வெளுத்தது. "என்னடா எளுதியிருக்கு?" என்று கேட்டாள் வெள்ளைத்தாய்.

"ஒண்ணுமில்லம்மா... மாமாவுக்கு சர்வீஸ் பத்தாது போல. அதான் கார்டு கிடைக்கல."

"மறைக்காதீக தம்பி" என்றார் இருளாண்டி. "டிஸ்மிஸ்னு எளுதியிருக்கு. லீவு முடிஞ்சு அஞ்சு மாசம் போகல. தண்டனை குடுத்து வெளிய அனுப்பிட்டாங்க. எனக்குக் கார்டு இல்ல. பென்சன் இல்ல. இருபது வருசமா இந்த ஊரை ஏமாத்திக்கிட்டுத் திரியிறேன். நீங்க கேண்டீன் விலைன்னு வாங்குன எண்ணெயும் சோப்பும் பஜார்ல வாங்குனது. அதுக்கெல்லாம் குடுத்தது இவ திரி செருகுன கூலி. நான் ஒரு பைசா சம்பாதிக்கல... வெக்கங்கெட்டுப்போய் உக்காந்து தின்னேன்."

"அஞ்சு மாசமா?" பாண்டிராஜ் மெதுவாகக் கேட்டான். "எந்த வருசம்ணே?"

இருளாண்டி தம்பியின் கைகளைப் பார்த்தார், அவ்வளவுதான். பாண்டிராஜும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"அய்யோ... அண்ணே!" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான்தான போகாதன்னு சொன்னேன்... நான்தானண்ணே! என்னால போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! இந்த வாயால மதினியை... இப்ப... இப்பத்தானே..." சின்னத்தாயின் காலருகே நெற்றியை வைத்து, சின்னப்பிள்ளை மாதிரி விம்மினான்.

பாண்டிச்செல்வி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். "அக்கா..." என்றாள். "அந்த எண்ணெய்... போன மாசங்கூட விலை கூடிருச்சுன்னு உங்ககிட்ட சண்டை போட்டேனே அக்கா..." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எல்லாரும் அழுதார்கள், வெள்ளைத்தாயைத் தவிர. அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். கிளம்புகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இசைவாணி பெரியம்மாவின் தோளை இறுகப் பிடித்தாள்.

வெள்ளைத்தாய் தன் மகன் பக்கம் திரும்பினாள். "ஏலே செல்வம். உன் தம்பிக்கு நாளைக்கு இப்படி ஒண்ணுன்னா, நீ வந்து அஞ்சு மாசம் உக்காருவியா?"

செல்வக்குமார் கையிலிருந்த காகிதத்தை மடித்தான். "தெரியலம்மா" என்றான் கடைசியில். காதுமடல் சிவந்துவிட்டது. "போன வருசம் அவன் வண்டியில விளுந்தப்பவே நான் வரலையே. லீவு கேக்கவே யோசிச்சேன்."

"அதான் கேட்டேன்." அவள் இருளாண்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். "அண்ணே, எங்களுக்குக் கார் வேண்டாம். இவனுக்கு சர்வீஸ் கூடுனா இவனே எடுக்கட்டும், இல்லன்னா பஸ்ஸுல போகட்டும். எனக்கு இந்த வீட்டுப் பிள்ளை வேணும். முகூர்த்தக்கால் நடுறப்ப பொண்ணுக்குப் பெரியம்மாவும் பெரியப்பாவுந்தான் முன்னால நிக்கணும், சொல்லிட்டேன்." அதற்குப் பிறகுதான் அவளும் கண்ணைத் துடைத்தாள்.

இசைவாணி பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு கதறினாள். பாண்டிச்செல்வி வந்து இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டாள். இருபத்தோரு வருடமாக என்றாவது ஒரு நாள் உண்மை தெரியாதா என்று சின்னத்தாய் ஏங்கியதுண்டு. தெரிந்துவிட்டது. ஆனால் மனசு நிறையவில்லை. அவள் கண் கூட்டத்துக்குள் அவரைத் தேடியது. அவர் இல்லை.

தங்கள் வீட்டுக்குள், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சின்னத்தாய் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுரும்" என்றார் அவர், தலை நிமிராமல். "எல்லாரும் என்னைப் பாப்பாக... இனிமே இந்தத் தெருவுல எப்படி தாயி நடப்பேன்?"

சின்னத்தாய் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

"நான் நடக்கலையா?" என்றாள். "எந்திரிங்க. கடை வரைக்கும் போயிட்டு வருவோம். பளக்கி விடுறேன்."

அவர் எழுந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.