ஒன்பதாம் எண் விமானம்

“நாளைக்குச் சாயங்காலத்தோட பட்டியலை மூடுறாங்க சார். அப்புறம் கல்லுல ஒரு பேரும் சேர்க்க மாட்டாங்களாம்.”

“யார் சொன்னது?”

“போர் நினைவுக்கல் குழுவுலதான். ‘எதிரி பக்கம் ஓடிப்போனவருக்கு எதுக்கும்மா கல்லு’ன்னு சிரிச்சாங்க. அப்பா ஓடலைன்னு அம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. நம்பினது நான் ஒருத்திதான்.”

சொன்னவள் தையல் ஆசிரியை; வயது அறுபதை நெருங்கியிருந்தது. கேட்டவர் ராணுவ ஆவண அறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘ரிக்கார்டு’. அவர் துப்பறிவதெல்லாம் காகிதத்தில்தான். பக்கத்தில், அதே அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற தட்டச்சுக்காரம்மா, கேட்காத கேள்விக்கும் பதிலோடு தயாராக இருந்தாள்.

மேஜையில் போர்க்கால அறிக்கை ஒன்றின் நகல் கிடந்தது. ‘விடியற்காலை இருவரும் சேர்ந்து பறந்தோம். பாதி வழியில் அவன் எதிரி எல்லைக்குத் திரும்பிவிட்டான். நான் தனியாக வந்து சேர்ந்தேன். இழந்த விமானம்: எண் பதினான்கு.’ ஒரே சாட்சி, ஒரே கையெழுத்து. அதன் மேல் கறுப்பு அட்டை போட்ட பறப்புப் பதிவேடு.

“அப்பாவோட பதிவேடு உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

“அந்தக் கையெழுத்துக்காரர் குடுத்ததுதான். கூடப் பொறக்கலைன்னாலும் எனக்குச் சித்தப்பா. இப்ப முதியோர் இல்லத்துல இருக்கார். அப்பா ஞாபகமா ஏதாவது குடுங்கன்னு கேட்டேன்.”

“எனக்கு அப்பவே தெரியும், பதிவேடு போலி!” என்றாள் தட்டச்சுக்காரம்மா.

“உங்களுக்கு எல்லாம் தெரியும். கடைசி வரியை மட்டும் படிங்க.”

“அதே தேதி. விமானம் ஒன்பது. ஏறியது ஐந்து மணி. இறங்கியது ஆறு ஐம்பது. இடது சக்கரத்தில் விரிசல், மெக்கானிக்கிடம் சொன்னேன்.” அவள் நிமிர்ந்தாள். “ஓடிப்போனவர் இறங்கின நேரத்தை எப்படி எழுதுவார்?”

“எழுத முடியாது. தரைக்கு வந்தப்புறம்தான் இதுல எழுதுவாங்க. ஆக, காலையில திரும்பிட்டார். ஒன்பதாம் விமானம் சக்கரத்துல விரிசல் விட்டு நிக்குது. தொலைஞ்சதோ பதினாலு.” பறப்புக்கு முந்தின நாளே தலைமையகத்துக்குப் போயிருந்த பணிப்பட்டியலின் நகலை ரிக்கார்டு விரித்தார். “அன்னைக்கு எட்டு மணிக்குப் பதினாலை ஓட்ட வேண்டியவர் உங்க சித்தப்பா. அது அவரோட விமானம்.”

ஆசிரியை அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். “அவருக்குப் பதிலா அப்பா போயிருக்கார்” என்றாள்.

மூவரும் அன்று மதியமே முதியோர் இல்லத்துக்குப் போனார்கள். உள்ளே நுழையும்போது ஊழியன் ஒருவன் அந்தக் கையெழுத்துக்காரக் கிழவருக்கு சல்யூட் வைத்து, “கேப்டன் ஐயா, மாத்திரை” என்று நீட்டிக்கொண்டிருந்தான். அவன் போனதும் ரிக்கார்டு பதிவேட்டைத் திறந்து கடைசி வரியைக் காட்டினார்.

“நாங்கெல்லாம் சனிக்கிழமைதான் மொத்தமா எழுதுவோம்” என்றார் கிழவர். “அன்னைக்குப் புதன். எழுதியிருக்க மாட்டான்னு நெனச்சேன்.”

“இத்தனை வருஷத்துல திறந்தே பார்க்கலையா?”

“தைரியம் வரல.”

கிழவரே தொடர்ந்தார்.

“கால் நடுங்குச்சும்மா. ஏணியில ஏற முடியல. ‘நீ உக்காரு, நான் போயிட்டு வந்துடறேன்’னான். வரல. மத்தியானம் தளத்துல குண்டு விழுந்துச்சு. பார்த்தவங்க ஒருத்தரும் மிஞ்சல. அவன் ஏன் போனான்னு சொன்னா, நான் ஏன் போகலைன்னு கேப்பாங்க. அந்தக் காலத்துல அதுக்குச் சுட்டே போட்டிருவாங்க.”

“ஞாயிற்றுக்கிழமை தவறாம எங்கம்மா உங்களுக்குச் சோறு போட்டா” என்றாள் ஆசிரியை. குரல் உயரவில்லை. “சாப்பிட்டுக் கை கழுவிட்டு, ‘அவனை மன்னிச்சிருங்க அண்ணி’ன்னு சொல்லிட்டுப் போவீங்க.”

கிழவர் போர்வையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார்.

குழுவுக்கென்று தான் எழுதி வந்த வாக்குமூலத்தை ரிக்கார்டு கிழவரின் மடியில் வைத்தார். “நாளைக்குள்ள பேர் ஏறணும்னா உங்க கையெழுத்து வேணும். வெறும் பதிவேட்டை வச்சு அவங்க முடிவெடுக்க மாசக்கணக்காகும்.”

ஆசிரியை பேனாவை நீட்டினாள். கிழவர் அதைத் தொடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நான் கண்ணை மூடுற வரைக்கும் பொறுத்துக்க கண்ணு. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. இது ஒண்ணுதான் கேக்கறேன்.”