மழையில் பால் வெட்டிய ராக்காயி

பூபாலசிங்கம் தாத்தா சரித்திர நாவல் எழுதுகிறவர். கதையில் ஒரு ரயில் வந்தால், அந்தக் காலத்தில் அது ஈப்போவிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று தெரியாமல் ஒரு வரிகூட எழுத மாட்டார். அதற்காக மூன்று மாதம் பழைய காகிதங்களைப் புரட்டியவர் அவர்.

இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. எழுத்து கண்ணில் படுவதில்லை. அதனால் பள்ளி விட்டதும் தினேஸ்வரி வந்து, அவர் முன்பு எழுதி வைத்ததை அவருக்கே வாசித்துக் காட்டுவாள். அவளுடைய அம்மா புனிதாவுக்கு அந்த வீட்டில் சமையல் வேலை.

போன வருடம் அவள் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். தாத்தா ஒரு நாளும் சிரித்ததில்லை. "ஆறுதலா வாசி பிள்ளை. கதை எங்கயும் ஓடாது" என்பார். இப்போது வகுப்பில் அவள்தான் சத்தமாக வாசிக்கிறவள்.

அன்று ராக்காயி வரும் அத்தியாயம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பாவைப் பிரிந்த ராக்காயி, கொட்டும் மழையில் மரம் மரமாகப் பட்டையில் கோடு கீறிப் பால் வெட்டுகிறாள். தினேஸ்வரி வாசித்தாள்: "மழைநீரில் அவள் கண்ணீர் யாருக்கும் தெரியவில்லை. மங்குகள் நிறையப் பால் வழிந்தது." மங்கு என்பது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்.

"எப்படி இருக்கு?" என்று தாத்தா கேட்டார்.

"அழுகை வருது தாத்தா."

சமையலறையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தினேஸ்வரி கேட்டாள். "ஏம்மா சிரிச்சீங்க?"

"நான் எங்க சிரிச்சேன்? இருமல் லா."

"பொய்."

அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார். "மழை பெஞ்சா யாருடி பால் மரம் வெட்டுவா? பட்டை ஈரமா இருந்தா பால் கோட்டுல ஓடாது. மரம் முழுக்க வழிஞ்சிடும். மங்குல தண்ணிதான் நிக்கும். தோட்டத்துல நான் வெட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"தாத்தாகிட்ட சொல்லுங்கம்மா."

"வேணாம். ஐயா எவ்ளோ படிச்சவங்க. நான் அவங்க வீட்டுல சோறாக்குறவ. நல்லாவா இருக்கும்?"

அன்று இரவு தினேஸ்வரி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில்தான் வெளியீடு. முன்வரிசை முழுக்க மரம் வெட்டியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மழையில் ராக்காயி அழும் பக்கத்தை மேடையில் வாசிக்கும்போது அவர்கள் அத்தனை பேரும் சிரிப்பார்கள். தன்னைப் பார்த்து ஒரு நாளும் சிரிக்காத தாத்தா மேடையில் தனியாக நிற்பார்.

நேராகச் சொன்னால் அவர் மனம் வாடும். அம்மாவுக்கும் சங்கடம். என்ன செய்வது?

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே அம்மாவோடு போனவள் காகிதத்தைத் தொடவில்லை.

"தாத்தா, கொஞ்சம் வெளிய வாரீங்களா? ராக்காயி செஞ்சத நான் செஞ்சு பார்க்கணும்."

வீட்டுப் பக்கவாட்டில் ஒரு குட்டைப் பப்பாளி மரம். தினேஸ்வரி சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றி, ஒரு பச்சைக் காயில் சாய்வாகக் கோடு கிழித்தாள். வெள்ளைப் பால் கசிந்து, கோட்டோடு ஒழுங்காக இறங்கியது. தாத்தாவுக்கு எழுத்துதான் தெரியாது. பச்சையில் வெள்ளை நன்றாகவே தெரிந்தது.

"இப்ப மழை" என்று சொல்லி, இன்னொரு காய்மேல் குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள். அதிலும் கோடு கிழித்தாள். பால் கோட்டில் நிற்கவில்லை. தண்ணீரோடு கலந்து நாலாபக்கமும் வழிந்து மண்ணில் போனது.

தாத்தா குனிந்து இரண்டு காய்களையும் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப ராக்காயியின்ட மங்குல என்ன விழுந்திருக்கும்?"

"தண்ணி, தாத்தா."

"இது உனக்கு எப்படித் தெரியும்? நீ மரம் வெட்டினியா?"

தினேஸ்வரி சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். அங்கே தெரிந்த ஒரு தலை சட்டென்று கீழே போனது.

"புனிதா, ஒளிஞ்சது போதும். வாங்கோ" என்றார் தாத்தா.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மன்னிச்சிடுங்க ஐயா, பிள்ள தெரியாம..."

"பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியேல்ல. என் அப்பா தோட்டத்துல கிராணி, கணக்கு எழுதினவர். ஆபீஸ் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. அஞ்சு வயசுலயே என்னை ஈப்போவுக்குப் படிக்க அனுப்பிட்டார். மரத்துக்குக் கிட்ட நான் போனதே இல்லை. ரயிலைத் தேடி மூணு மாசம் அலைஞ்சன். மரம் வெட்டினவங்க என் வீட்டுக்குள்ளயே இருந்தும் ஒரு வார்த்தை கேக்கேல்ல." அவர் படியில் உட்கார்ந்தார். "சொல்லுங்கோ. மழை பெய்தா என்ன செய்வீங்கள்?"

அம்மா தயங்கினார். "வேலை இல்லீங்க. கூலியும் இல்ல. பெரியவங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாங்க." பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா சின்ன வயசுல மழை நாள்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும் ஐயா. மத்த நாள்ல நான் எழுந்திரிக்கும்போது எங்கம்மா இருக்க மாட்டாங்க. இருட்டுலயே வேலைக்குப் போயிருப்பாங்க. மழை நாள்ல கண்ணு முழிச்சா, பக்கத்துல படுத்திருப்பாங்க."

தாத்தா அச்சகத்துக்குப் போன் போட்டு, இன்னும் பத்து நாள் வேண்டும் என்றார். பிறகு, "எழுது பிள்ளை" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல தினேஸ்வரி எழுதினாள். மழை கொட்டுகிறது. ராக்காயி கண் விழிக்கிறாள். பக்கத்தில் அம்மா. அம்மாவை எழுப்பாமல், போர்வையை அம்மாவின் தோள்வரை இழுத்து விடுகிறாள்.

"நன்றி புனிதா. இனி முதல் பக்கத்துல இருந்து வாசிப்பம். நீங்களும் இருந்து பிழை சொல்லுங்கோ."

"அடுப்புல சோறு இருக்குங்க."

"கொஞ்சம் குழைஞ்சா என்ன? சாப்பிடலாம்."

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தினேஸ்வரி வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை போல, மெதுவாகக் கையைத் தூக்கினார்.