இருபத்திரண்டாவது ஆள்

கேப்டன் காரை விட்டு இறங்கியபோது மதியம் இரண்டு மணி. மாலுமிப் பயிற்சி நிலையத்தின் வாசலில் அவர் படம் போட்ட தட்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் அவர் பத்து வயது இளமையாகவும் அரையடி உயரமாகவும் இருந்தார். இரண்டுக்கும் அவர் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

கடற்கொள்ளையர் கையிலிருந்து ஒரு சரக்குக் கப்பலை மீட்டவர் அவர். ஓய்வு பெற்ற இந்த நாலு வருடத்தில் அந்த ஒரு நாளைப் பற்றி நாற்பத்தாறு முறை பேசியாகிவிட்டது. எங்கே குரல் தழுதழுக்க வேண்டும், எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. "ஒருவரைத் தவிர எல்லோரையும் கரை சேர்த்தேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு விநாடி கண்ணை மூடுவார். கைதட்டல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

வாசலில் நின்றிருந்தவர் அவருடைய பழைய போசன். மேல்தள ஆட்களை மேய்த்தவர். இப்போது இங்கே பயிற்சியாளர்.

"வாங்க சார். தட்டியில இருக்கிறவர் வரலையா?"

"வாயைக் குறைக்கவே மாட்டியா போசன்?"

"குறைச்சிருந்தா நானும் கேப்டன் ஆகியிருப்பேனே சார்." சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குச் செத்தாரே நம்ம டெய்லர், அவரோட சம்சாரம் இங்கதான், துணி ஸ்டோர்ல வேலை பார்க்குது. உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணுமாம்."

"ரிப்போர்ட்லதான் எல்லாம் இருக்கேய்யா."

"அதான் சார் பிரச்சினை. உத்தரவை மீறி இடத்தை விட்டுப் போனார்னு எழுதியிருக்கு. அப்பா ஓடி ஒளிஞ்சவர்னு பொண்ணுகிட்ட எவனோ சொல்லிட்டான். அது அப்பா பேரையே எடுக்கிறதில்லையாம்."

கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதில் இல்லாதபோதெல்லாம் அவருக்கு நேரம் ஆகிவிடும்.

டெய்லர் என்பது பட்டப்பெயர். ஆள் எஞ்சின் அறையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலர். கொள்ளையர் நடமாட்டம் உள்ள கடலில் போகும்போது, பழைய வேலை உடுப்புகளில் கந்தலை அடைத்து, தலைக்குத் தொப்பி வைத்து, கப்பலின் ஓரக் கம்பிகளில் பொம்மைகளைக் கட்டி வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் காவல் பலமாகத் தெரியும். அந்தப் பொம்மைகளைத் தைத்தவர் அவர்தான். ஒவ்வொன்றுக்கும் சட்டைப்பையில், கந்தலில் ஓரம் மடித்துத் தைத்த ஒரு கைக்குட்டைகூட வைப்பார். "இவனுக்கும் மூக்கு ஒழுகுமில்ல சார்?" என்பார்.

*

பயிற்சி நிலையத்தின் பின்கட்டில் ஒரு மாதிரிக் காப்பறை கட்டியிருந்தார்கள். கொள்ளையர் ஏறிவிட்டால் கப்பல் ஆட்கள் எல்லோரும் ஓடிவந்து அடைந்துகொள்ளும் அறை. கனத்த இரும்புக் கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டுந்தான். பிந்தி வரும் ஆள், முன்பே பேசி வைத்த ரகசிய முறையில் தட்டினால்தான் உள்ளே இருப்பவர்கள் திறப்பார்கள்.

பயிற்சிக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். போசனோடு இருபது. கேப்டனோடு இருபத்தொன்று.

வாசற்படியில் அவர் கால் ஒரு கணம் தயங்கியது. புது பெயின்ட் வாடைக்கு அடியில் எஞ்சின் எண்ணெய் நாற்றம். எஞ்சினே இல்லாத கட்டடத்தில்.

"கதவைச் சாத்து. விளக்கை அணை," என்றார் தோரணையாக. "அன்னைக்கும் இப்படித்தான். கும்மிருட்டு. காப்பாத்த வந்த போர்க்கப்பல்லருந்து போன்ல கேட்டாங்க: எல்லாரும் உள்ள இருக்காங்களா? ஒரு ஆள் வெளிய இருந்தாக்கூட வீரர்கள் ஏற மாட்டாங்க. துப்பாக்கிச் சண்டையில அவன் மாட்டிக்குவான். அதனால என்ன பண்ணேன்? எண்ணச் சொன்னேன். ஆளுக்கொரு நம்பர். எங்க, எண்ணுங்க பார்ப்போம். ஒண்ணு!"

"ரெண்டு," என்றார் போசன்.

மூணு. நாலு. அஞ்சு. இருட்டில் எண்கள் நகர்ந்தன. சுவரில் ஏதோ சொட்டுகிற சத்தம். அறைக்குள் குழாயே கிடையாது.

"இருபது."

"இருபத்தொண்ணு."

நின்றது.

அன்றும் இங்கேதான் நின்றது. இருபத்திரண்டு டெய்லரின் நம்பர். இருட்டில் அதைச் சொல்ல யாரும் இல்லை. போனின் மறுமுனையில் காத்திருந்தார்கள். மேல்தளத்தில் காலடிகள் ஓடின. கேப்டன் எண்ணெய் நாற்றத்துக்காக வாயில் வைத்திருந்த கைக்குட்டையை எடுக்காமலே, பின்பக்கம் திரும்பி, யாரோ சொல்வதுபோல் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பிறகு போனில், "எல்லோரும் உள்ளே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்றதையெல்லாம் நாற்பத்தாறு மேடைகளில் சொல்லியாகிவிட்டது.

இப்போது அவர் "சபாஷ்" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"இருபத்திரண்டு."

பின்மூலையிலிருந்து வந்தது. துணியை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

அவருடைய குரல்.

இருட்டில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. "சார் செமையா மிமிக்ரி பண்றாரு," என்றான் ஒருவன்.

போசன் மட்டும் சிரிக்கவில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது.

இரண்டு. ஒன்று. மூன்று.

"இதுவும் பயிற்சிதானே சார்?" பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் குரல். "திறக்கணுமா?"

"கூடாது," என்றார் கேப்டன். பழகிய பதில் தானாக வந்தது. "நம்ம ஆள் எல்லாரும் உள்ள இருக்கோம். அப்ப தட்டுறவன் கொள்ளைக்காரன்."

இரண்டு. ஒன்று. மூன்று.

"சார், ஒரு சந்தேகம். இது நாம பேசி வெச்ச ரகசியத் தட்டுதானே? எல்லாரும் உள்ள இருந்தா, வெளிய இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?" என்றாள் அதே பெண்.

நாற்பத்தாறு கூட்டங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. மாலை போடும் அவசரத்தில் இருந்திருப்பார்கள்.

இரண்டு. ஒன்று. மூன்று.

"அன்னைக்கும் எனக்கு அதே சந்தேகந்தான்," என்றார் போசன், மெதுவாக. "கேக்கல. பயம். இன்னைக்கு நான் திறக்கிறேன் சார்."

தாழ்ப்பாள் கிரீச்சிட்டது. வெயில் கத்திபோல உள்ளே பாய்ந்தது.

வாசலில் ஒரு பெண். தோளில் அளவு நாடா. விரலிடுக்கில் ஊசி.

"தட்டினது நீங்களாம்மா?"

"நான் இல்லண்ணே." அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்டோர்ல கேட்டுச்சு, ஓடி வந்தேன். இங்க யாருமில்ல. ஆனா சத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் லீவுல வந்தா எங்க கதவை இப்படித்தான் தட்டுவார். கப்பல் பழக்கம் விடலைன்னு நான் திட்டுவேன்."

கதவின் வெளிப்பக்கத்தில், புது பெயின்டில், நெஞ்சு உயரத்தில் ஈரமான எண்ணெய்க் கறை.

அவள் கேப்டனிடம் வந்தாள்.

"அன்னைக்கு அவர் தட்டுனாரா சார்?"

நேரம் பார்க்கக் கை எழுந்தது. கடிகாரம் இருந்தது. பார்க்கத் தைரியம் இல்லை.

"தட்டினார்."

"எத்தனை தடவை?"

"பதினேழு." எண்ணியிருக்கிறார். அதன் பிறகு துப்பாக்கி வெடிக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தபோது டெய்லர் அதில் சாய்ந்து, உயிரில்லாமல் உட்கார்ந்திருந்தார், விரல் முட்டியெல்லாம் தோலுரிந்து.

"உத்தரவை மீறிப் போனாரா?"

"நான்தாம்மா அனுப்பினேன். பின்பக்கத்துப் பொம்மையோட தொப்பி பறந்துபோச்சு. காவல்காரன்னா மிடுக்கா இருக்க வேண்டாமான்னு... சரி பண்ணிட்டு வரச் சொன்னேன். அவர் திரும்பி வர்றதுக்குள்ள..."

ஒரு தொப்பிக்காக. பத்தொன்பது பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை கண்ணை மூட முடியவில்லை.

அவள் அழவில்லை. "என்கிட்ட சொன்னா போதாது சார். எழுதுங்க. என் பொண்ணு படிக்கணும்."

அங்கேயே நின்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதி அவளிடம்; ஒன்று கப்பல் கம்பெனிக்கு.

*

அன்றிலிருந்து கேப்டன் வீட்டில் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. மனைவி, "திருடன் வந்தா என்ன பண்றது?" என்று கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டாள்.

பத்தாம் நாள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. மிக மரியாதையான கடிதம். எண்ணிக்கையின்போது இருபத்திரண்டு பேரும் உள்ளே இருந்ததாகவும், ஆயிலர் அதன் பிறகுதான் உத்தரவை மீறி வெளியேறியதாகவும் பதிவு இருப்பதால், அப்போது வெளியே எவரும் தட்டியிருக்க வாய்ப்பில்லை, முதுமையில் நினைவு தடுமாறுவது இயற்கை, ஓய்வெடுக்கவும். கீழே ஒரு வரி: அடுத்த மாத ஆண்டு விழாவில் தாங்களே சிறப்புப் பேச்சாளர்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அதே அதிகாரி போன் செய்தார். கடிதத்தில் இருந்த மிடுக்கு குரலில் இல்லை.

"கேப்டன் சார்... அந்தத் தட்டு... ரெண்டு, ஒண்ணு, மூணா?"

"ஏன்?"

"ஆபீஸ் ரூம்ல இருக்கேன். கதவைத் தட்டுறாங்க. மூணு தடவை திறந்துட்டேன். ஆள் இல்ல."

"கதவைத் திறந்து என்ன பண்ண? ரிப்போர்ட்டைத் திருத்துங்க சார்."

"அது எப்படி... சேர்மன் கையெழுத்துப் போட்ட ஃபைல்... கொஞ்சம் இருங்க."

போனிலேயே கேட்டது. இரண்டு. ஒன்று. மூன்று. கேப்டன் பழக்கத்தில் எண்ணினார். பதினேழோடு நின்றது.

பிறகு அதிகாரியின் மூச்சு மட்டும்.

"சார்," என்றார் அவர், கிசுகிசுப்பாக. "இப்ப இந்த ரூமுக்குள்ள, எனக்குப் பின்னாடி, யாரோ 'இருபத்திரண்டு'ன்னாங்க."

"யாரு?"

"உங்க குரல், சார்."

நான் இல்லை என்று சொல்ல நினைத்தார் கேப்டன். சொல்ல முடியவில்லை. வாயை ஒரு கைக்குட்டை அழுத்திக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்தது அவர் கைதான். எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. கந்தல் துணியில் ஓரம் மடித்துக் கையால் தைத்தது. எஞ்சின் எண்ணெய் நாறியது.